ஜப்பான் துணைத் தூதரக மானியத்தில் பகல்நேர மையம் கட்டலாமா? எஃப்.சி.ஆர்.ஏ., நிலம், ஜி.எஸ்.டி. சந்தேகங்கள்

கண்மாய்க்கரை (கேள்வி):

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உள்ள 38 குழந்தைகளுக்குப் பகல்நேர மையம் நடத்தும் சங்கத்துக்காகக் கேட்கிறேன். சங்கப் பதிவு, 12ஏபி (வருமான வரி விலக்குப் பதிவு), எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு மூன்றும் இருக்கின்றன. மையம் இப்போது வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது.

ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் தன் தூதரகங்கள் வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் ஜி.ஜி.பி. மானியத்துக்கு விண்ணப்பிக்க எண்ணம். தேவைகள்: 2,000 சதுர அடிக் கட்டடம் (சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் 44 லட்சம்), பிசியோதெரபி சாதனங்கள் 6 லட்சம், வேன் 12 லட்சம், இரண்டு தெரபிஸ்டுகளுக்கு ஓராண்டுச் சம்பளம்.

சந்தேகங்கள் இவை. ஒரு நாட்டின் அரசே தரும் பணத்துக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பொருந்துமா? தூதரகம் நேரடியாகக் கொடுப்பதால் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். நிலம் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பெயரில் இருக்கிறது, சம்மதக் கடிதம் தருகிறார், அது போதுமா? எங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. சான்றிதழ் இன்னும் 11 மாதத்தில் முடிகிறது, விண்ணப்பத்தை அது பாதிக்குமா? விலைப்புள்ளி மூன்று கேட்கிறார்கள், அவற்றை இப்போதே வாங்கி வைக்கலாமா?

வரவுசெலவு:

எஃப்.சி.ஆர்.ஏ. கட்டாயம் பொருந்தும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'வெளிநாட்டு ஆதாரம்' என்பதற்கான விளக்கத்திலேயே வெளிநாட்டு அரசும் அதன் முகமைகளும் வந்துவிடுகின்றன. விலக்கு, பட்டியலிடப்பட்ட ஐ.நா. அமைப்புகளுக்கும் உலக வங்கி போன்ற சில பன்னாட்டு அமைப்புகளுக்கும்தான். பணம் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்திலிருந்து வந்தாலும், ரூபாயில் காசோலையாகவே வந்தாலும், கொடுப்பவர் யார் என்பதுதான் கணக்கு. உங்களுக்குச் சொன்னவர் பேச்சைக் கேட்டு உள்ளூர்க் கணக்கில் வாங்கிவிட்டால் பதிவே ரத்தாகும் அளவுக்குப் போகும்.

2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: புது டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள எஸ்.பி.ஐ. பிரதானக் கிளையில் உங்கள் சங்கத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு. தூதரகத்துக்குக் கொடுக்கும் வங்கி விவரம் அந்தக் கணக்குடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஜி.ஜி.பி. ஒப்பந்தம் திட்டப் பணத்துக்கென்று தனிக் கணக்கு கேட்கும். இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய ஒரு வழி உண்டு. உங்கள் ஊர் வங்கியில் இந்தத் திட்டத்துக்கு மட்டும் ஒரு பயன்பாட்டுக் கணக்கு திறந்து, 45 நாளுக்குள் எஃப்.சி.-6டி படிவத்தில் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவியுங்கள். டெல்லியில் பணம் இறங்கியதும் முழுத் தொகையையும் அதற்கு மாற்றுங்கள். அந்தப் பாஸ்புக்கில் வேறு எந்த வரவும் இருக்கக் கூடாது. வட்டி வரும், அதுவும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கணக்காகும், அதைச் செலவழிக்கத் துணைத் தூதரகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பித்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஓராண்டை நெருங்கலாம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி பணம் வரும் நேரத்தில் சான்றிதழ் காலாவதியாகி இருக்கும். காலாவதியானால் புதிதாக வாங்கவும் முடியாது, கையில் இருப்பதைச் செலவழிக்கவும் முடியாது. பாதி எழும்பிய சுவரோடு வேலை நிற்கும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் இருக்கும்போது போட ஆரம்பிக்கலாம். நான்கு மாதத்துக்கு முன்பாவது போட்டுவிட வேண்டும் என்று அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஆக உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மாத ஜன்னல். அது திறக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் விட்டுப்போன எஃப்.சி.-4 ஆண்டறிக்கை ஏதாவது உண்டா என்று பாருங்கள். நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள் ஒவ்வொரு ஆண்டும் போட்டிருக்க வேண்டும், பணம் வராத ஆண்டுக்கும் 'பூச்சியம்' என்று. நிர்வாகிகள் மாறியிருந்து எஃப்.சி.-6இ போடாமல் விட்டிருந்தால் புதுப்பித்தல் அங்கேயே மாட்டும்.

இன்னொன்று, சான்றிதழில் உங்கள் பணியின் தன்மை என்னவென்று பாருங்கள். சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு, சமயம் என்று ஐந்து வகை. பகல்நேர மையத்துக்குச் சமூகம் அல்லது கல்வி இருந்தால் சரி.

நிலைப்படி:

கட்டடப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் நிலம். சம்மதக் கடிதம் போதாது. வேறொருவர் பெயரில் உள்ள நிலத்தில் கட்டினால் கட்டடமும் நிலத்தோடு போய்விடக்கூடும். அவருக்குப் பின் வாரிசுகள் வந்து கேட்டால் சங்கத்திடம் பதில் இருக்காது. மானியம் தருபவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவர் உண்மையாகவே தர விரும்பினால் சங்கத்தின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றுங்கள். அது முடியாதென்றால் பதிவு செய்த நீண்ட காலக் குத்தகை. ஐந்து, பத்து வருடக் குத்தகையை வைத்துக் கான்கிரீட் கட்டடம் கேட்பதில் அர்த்தமில்லை. என் கணக்கில் 30 ஆண்டுக்குக் குறையக் கூடாது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்ய நில அளவையர் வந்துபோக எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே விண்ணப்பத்துக்கு முந்தைய வேலை அது.

கட்டட வரைபட அனுமதியும் அப்படித்தான். ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது ஜி.ஜி.பி. விதி. அனுமதிக்கு அலைவதையும் அந்த ஓராண்டுக்குள் வைத்தால் கட்டுவதற்கு ஏழெட்டு மாதம்தான் மிஞ்சும், அதில் வடகிழக்குப் பருவமழை வேறு. ஜப்பானின் நிதியாண்டு ஏப்ரல் தொடங்கி மார்ச்சில் முடிவது. அதனால் பல ஒப்பந்தங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை கையெழுத்தாகும். மார்ச்சில் கையெழுத்தானால் ஏப்ரல், மே மாதங்களில் அஸ்திவாரம், செப்டம்பர் முடிவதற்குள் கூரைக் கான்கிரீட் என்று திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்வேலை. கடற்கரையை ஒட்டிய ஊர் என்றால் போர் தண்ணீரைப் பரிசோதித்த பிறகே கான்கிரீட்டுக்குப் பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரில் போட்ட கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துச் சில ஆண்டுகளில் மேற்பூச்சு பிளந்து விழும். லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவை மதிப்பீட்டிலேயே காட்டச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலிப் பிள்ளைகள் வரும் மையம் என்பதால் இன்னொன்று. சாய்தளத்தின் சரிவு 1:12ஐத் தாண்டக் கூடாது. தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தளம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும், மேலும் கீழும் திரும்புவதற்கு இடம் தனி. கழிப்பறைக் கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்கட்டும், கைப்பிடிகள் இருக்கட்டும். கொத்தனார் தரும் மதிப்பீட்டில் பெரும்பாலும் இவை இருக்காது. பிறகு சேர்க்கப் போனால் பணமும் இருக்காது.

அடுத்தது விலைப்புள்ளி. ஒவ்வொரு இனத்துக்கும் வெவ்வேறு கடை அல்லது நிறுவனத்திடமிருந்து மூன்று. மூன்றும் ஒரே அளவு, ஒரே தரத்துக்கு இருக்க வேண்டும். ஒருவர் 43 கிரேடு சிமென்டுக்கும் ஒருவர் 53க்கும் விலை போட்டால் ஒப்பிட முடியாது. ஆகவே முதலில் நீங்களே ஒரு பொறியாளரை வைத்து அளவுப் பட்டியல் தயாரித்து, அதே தாளை மூவரிடமும் கொடுத்து விலையை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். லெட்டர்பேடு, தேதி, ஜி.எஸ்.டி. எண், கையெழுத்து, எத்தனை நாள் செல்லும் என்பது, எல்லாம் வேண்டும். ஒரே ஒப்பந்ததாரர் மூன்று பெயரில் கொடுத்துவிடுவது இங்கே நடக்கிற சங்கதி. ஒரே எழுத்துப்பிழை மூன்று தாளிலும் இருந்தால் பார்ப்பவருக்கு ஒரு நிமிடம் போதும், விண்ணப்பத்தின் மேல் இருந்த நம்பிக்கை முழுவதும் போய்விடும்.

இப்போதே வாங்கி வைக்கலாமா என்றால், விண்ணப்பத்துக்கு வேண்டும், ஆனால் அவை 30 நாளில் காலாவதியாகும். ஒப்பந்தத்துக்கு முன் புதிதாகக் கேட்பார்கள். இடைப்பட்ட காலத்தில் கம்பி, சிமென்ட் விலை ஏறினால் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க 'எதிர்பாராச் செலவு' என்று ஒரு வரி போட முடியாது, அதை ஏற்க மாட்டார்கள். எனவே கட்டடத்தின் அளவை முதலிலேயே கொஞ்சம் சுருக்கிக்கொள்வது நல்லது. 2,000 சதுர அடியை 1,800 ஆக்கினால் 4,40,000 ரூபாய் கையில் நிற்கும்.

ஒப்பந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய எதற்கும், போட்ட எந்த அஸ்திவாரத்துக்கும் மானியம் கிடையாது. பணம் வரப்போகிறது என்று நம்பி முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

கண்மாய்க்கரை:

இருவருக்கும் நன்றி. தானப் பத்திரம் பற்றி உறுப்பினரிடம் பேசுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். மானியத்தின் உச்சவரம்பு ரூபாயில் எவ்வளவு வரும்? 44 லட்சம் என்பது ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகை. அதை மானியத்திலேயே கேட்கலாமா? சம்பளம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வரவுசெலவு:

நெடுங்காலமாக இருந்துவந்த பொது வரம்பு ஒரு திட்டத்துக்கு 1 கோடி யென். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ள தொகையைத் துணைத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். யென் 60 காசு என்றால் அது 60 லட்சம், 55 காசு என்றால் 55 லட்சம். ஐந்து காசு இறங்கினாலே ஐந்து லட்சம் போய்விடுகிறது, எனவே வரம்பை முட்டும்படி கேட்காதீர்கள். உங்கள் பட்டியலில் கட்டடமும் சாதனமும் சேர்ந்து 50 லட்சம். வேனைச் சேர்த்தால் 62 லட்சம், 1 கோடி யென் வரம்பை இந்த இரண்டு கணக்கிலும் தாண்டுகிறது. வேனை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. கட்டடமும் வேனும் ஒரே விண்ணப்பத்தில் இருந்தால் திட்டம் எதைப் பற்றியது என்பதே மங்கிவிடும். வண்டியின் பதிவு, சாலை வரி, காப்பீடு, டீசல், ஓட்டுநர் எல்லாம் எப்படியும் உங்கள் தலையில்தான் விழும்.

ஜி.எஸ்.டி.தான் பல சங்கங்கள் தடுமாறும் இடம். வரியை மானியத்தில் சேர்ப்பதில்லை என்பது ஜி.ஜி.பி.யின் பொது விதி. கட்டுமான ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம். 44 லட்சத்துக்கு 7,92,000 ரூபாய். நீங்கள் வரி வசூலித்துக் கட்டும் வியாபாரி இல்லை என்பதால் உள்ளீட்டு வரியாகத் திரும்பவும் வராது. அந்த ஏறத்தாழ எட்டு லட்சம் உங்கள் சொந்தப் பங்கு. அது எங்கே இருக்கிறது என்று வங்கி இருப்புச் சான்றோ, உள்ளூர் நன்கொடையாளரின் உறுதிக் கடிதமோ விண்ணப்பத்தோடு இருந்தால் பலம்.

அதைக் கட்டுவதில் ஒரு சிக்கல். எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் உள்ளூர்ப் பணத்தைப் போடக் கூடாது, சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே 'இந்தக் கணக்கிலேயே வரிக்கும் கொஞ்சம் போட்டு ஒரே காசோலையாகக் கொடுத்துவிடலாம்' என்ற எண்ணம் வேண்டாம். பில்லில் அடிப்படைத் தொகையும் வரியும் தனித்தனியாக இருக்கட்டும். அடிப்படைத் தொகை பயன்பாட்டுக் கணக்கிலிருந்து, ஜி.எஸ்.டி. உள்ளூர்க் கணக்கிலிருந்து, என்று இரண்டு பரிவர்த்தனை. ஒப்பந்ததாரரிடம் இதை முதலிலேயே சொல்லி எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வரி வராத வரை அடுத்த வேலை தொடங்க மாட்டேன் என்பார். டி.டி.எஸ். (பில் தொகையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ஒப்பந்ததாரர் தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. ஜி.எஸ்.டி.யை நீக்கிய தொகை மீது பிடித்து, அந்தப் பணத்தையும் பயன்பாட்டுக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள். அப்போதுதான் மானியக் கணக்கு கடைசி ரூபாய் வரை பொருந்தும்.

வன்னிமேடு:

நான் எழுதுவது இலங்கை நிலைமை. இங்கே கொழும்பில் உள்ள ஜப்பான் தூதரகத்துக்கூடாக இதே உதவி நடைபெறுகிறது, விதிகளின் அடிப்படையும் ஒன்றுதான்.

சம்பளம், வாடகை, மின்கட்டணம், எரிபொருள், காகிதாதிகள் போன்ற நடைமுறைச் செலவுக்கு இதில் இடம் இல்லை. தனிப்பட்டவர்களுக்கான புலமைப்பரிசில், சுழற்சிக் கடனுக்கான முதல் ஆகியவையும் கிடையாது. வெளித் தணிக்கையாளரின் கட்டணத்தை மாத்திரம் வரவுசெலவில் சேர்க்கலாம். அதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் விண்ணப்பத்தை எழுதுவது இலகு: இந்த உதவி 1989இல் சிறிய அளவிலான மானியமாகத் தொடங்கியது, ஒரு சமூகத்திடம் இல்லாத பௌதிக வசதியை ஒரே முறையில் கொடுத்துவிட்டு விலகுவது அதன் நோக்கம். கொடுத்த பின் அதை யார் நடத்துவது, எந்தப் பணத்தில் என்பதை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். எனவே தெரபிஸ்ட் சம்பளத்தை அவர்களிடம் கேட்காமல், அந்தச் சம்பளத்தை மூன்று ஆண்டுக்கு நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள் என்ற அட்டவணையாக வையுங்கள். வாடகை மிச்சமாகும் தொகை எவ்வளவு, அரச உதவி எவ்வளவு, உள்ளூர்க் கொடை எவ்வளவு என்று மாதக் கணக்கில். அந்த ஒரு பக்கம் பலவீனமாக இருந்து நல்ல திட்டங்கள் பின்தள்ளப்படுகின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் குழம்புகின்றனர். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் டாஷ், ஷார்ப், ஹலோ டிரஸ்ட், மேக் ஆகிய நிறுவனங்களுக்கு இதே மானியத்தில் பெருந்தொகை போகிறது. அதில் நிலத்தைத் துப்பரவு செய்யும் பணியாளரின் உழைப்பே திட்டம், வாங்குவதற்கென்று ஒரு கட்டடம் இல்லை. மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் போன்றவற்றுக்கு வரம்பும் தளர்த்தப்படுகிறது, 10 கோடி யென் வரை இடமுண்டு. அதை உதாரணம் காட்டிப் பகல் பராமரிப்பு நிலையத்துக்குச் சம்பளம் கேட்டால் சரிவராது.

இலங்கையிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காக நிலம் பற்றி ஒரு வார்த்தை. நிலைப்படி சொன்ன ஆபத்து இங்கே வேறு வடிவில் வரும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில், அந்தக் குடும்பம் விரும்பினாலும், சங்கத்தின் கட்டடம் எழுப்ப முடியாது. அந்தப் பத்திரம் குடியிருப்புக்கும் பயிர்ச்செய்கைக்குமானது. பிரதேச செயலகத்துக்கூடாகச் சங்கத்தின் பெயருக்கு அரச காணியை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கிலும் செல்லலாம். பதிவைப் பொறுத்தவரை தன்னார்வச் சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பதிவு இருக்கிறதா என்பது முதற் கேள்வி. தனியே அமைப்பு வலுவில்லாத இடங்களில் பிரதேச சபையே விண்ணப்பதாரராக இருக்கலாம், உள்ளூராட்சி அமைப்புகளும் இந்த உதவிக்குத் தகுதியானவை.

நிலைப்படி:

வன்னிமேடு சொன்ன அட்டவணையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்மாய்க்கரை. ஆவணங்களைப் பார்த்துச் சரி என்று தோன்றினால் துணைத் தூதரகத்திலிருந்து நேரில் வருவார்கள். அன்று அவர்கள் பார்ப்பது காலி நிலத்தை மட்டுமல்ல, இப்போது வாடகைக் கட்டடத்தில் நடக்கும் மையத்தையும்தான். வருகைப் பதிவேடு, ஒவ்வொரு குழந்தையின் பயிற்சிக் குறிப்பு, வேலை செய்பவர்களின் தகுதிச் சான்று கையோடு இருக்கட்டும். விண்ணப்பத்தில் பயனாளிகள் 38 என்று எழுதினால் பதிவேட்டிலும் 38 இருக்க வேண்டும். 'மறைமுகப் பயனாளிகள் 5,000' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல முடியாத எண்ணை எழுதாதீர்கள். புதுக் கட்டடத்தில் கூடுதலாக எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் எந்தெந்த ஊர், இப்போது ஏன் வர முடியவில்லை என்ற பட்டியல்தான் மதிப்புள்ளது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் கீழ் மையத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா? வாடகைக் கட்டடத்தின் முகவரிக்குப் பதிவு இருந்தால் இடம் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த மாற்றமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பின்தான். இணையான சாதனத்தை வேறு நிறுவனத்தில் வாங்குவது, கழிப்பறையை இடம் மாற்றுவது, ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு எடுப்பது எல்லாம் இதில் வரும். நல்லெண்ணத்தில் செய்திருந்தாலும் அனுமதி இல்லாத செலவை ஏற்காமல் திருப்பிக் கேட்கலாம். இடைக்கால அறிக்கை, முடிவறிக்கை, தணிக்கை அறிக்கை மூன்றும் உண்டு. அஸ்திவாரம், பில்லர், கூரைக் கம்பி என்று மூடிமறையும் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுங்கள். திறந்த பிறகும் சில ஆண்டு கழித்து வந்து பார்ப்பார்கள். கட்டடத்தை வேறு பயனுக்கு விடுவதோ, அடமானம் வைப்பதோ, விற்பதோ கூடாது.

களரிமேடு:

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சிறு சங்கங்களும் இந்த இழையைப் படிக்கும் என்பதால் எழுதுகிறேன். 'பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி எங்களுக்குத் தரட்டும்' என்ற பழைய வழி 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. 7ஆம் பிரிவின்படி வெளிநாட்டுப் பங்களிப்பை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது, அந்த அமைப்புக்குப் பதிவு இருந்தாலும்கூட. பெரிய நிறுவனம் தானே கட்டித் தானே வைத்துக்கொண்டு நடத்தினால்தான் உண்டு.

முறையான பதிவுக்கு மூன்றாண்டு இருப்பும், கடந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டதும் வேண்டும். அது இல்லையென்றால் முன் அனுமதி என்று ஒன்று இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு தொகை, குறிப்பிட்ட ஒரு திட்டம். அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதமும் திட்ட அறிக்கையும் கட்டாயம். துணைத் தூதரகமோ எஃப்.சி.ஆர்.ஏ. எங்கே என்று கேட்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நகராது. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே, முன் அனுமதி வழியை ஏற்பீர்களா, கடிதம் எந்தக் கட்டத்தில் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முன் அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பணத்தைப் பெற வேண்டும், நான்கு ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும் என்று 2025இல் கால வரம்பும் வைத்துவிட்டார்கள்.

அத்தோடு ஒரு எச்சரிக்கை. 'ஜப்பான் ஃபண்டு வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம்' என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. படிவம் துணைத் தூதரகத்தின் தளத்தில் கிடைக்கிறது. தரகுத் தொகையை மானியத்திலிருந்து எடுக்க வழியே இல்லை, எடுத்தால் அது போலி பில்லாகத்தான் கணக்கில் ஏறும். அதற்குக் கையெழுத்துப் போடுவது சங்கத்தின் செயலாளர், தரகர் இல்லை.

கண்மாய்க்கரை:

மிக்க நன்றி. வேனை எடுத்துவிட்டு 1,800 சதுர அடிக்குத் திருத்துகிறோம். மார்ச்சில் பணம் வந்தால் அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க முடியாது. 85 சதவீதம் செலவிட வேண்டும் என்ற வருமான வரி விதி என்ன ஆகும்?

வரவுசெலவு:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மார்ச் 25இல் 45 லட்சம் இறங்கினால் அது அந்த ஆண்டின் வருமானம். ஆறு நாளில் செலவழிக்க முடியாது. 1961 சட்டத்தின்படி இதற்கு இரண்டு வழி. ஒன்று, படிவம் 9ஏ: அடுத்த ஆண்டில் செலவழிக்கிறோம் என்று தெரிவிப்பது. உங்கள் கட்டடம் ஓராண்டில் முடிய வேண்டியது என்பதால் அநேகமாக இதுவே போதும். ஆனால் மார்ச் 25இல் தொடங்கும் ஓராண்டு, அதற்கடுத்த நிதியாண்டோடு ஏறக்குறைய ஒன்றாக முடிகிறது. கட்டடம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் 9ஏ உடையும். இன்னொன்று படிவம் 10: குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்தாண்டு வரை ஒதுக்கி வைப்பது. இதற்குச் செயற்குழுத் தீர்மானம் வேண்டும், நோக்கத்தைத் தெளிவாக எழுத வேண்டும். 'சங்கத்தின் நோக்கங்களுக்காக' என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். 'இன்ன சர்வே எண்ணில் பகல்நேர மையக் கட்டடம்' என்று எழுதுங்கள். கடைசித் தேதி வருமான வரி அறிக்கையின் கடைசித் தேதிக்கு முன்பே வந்துவிடும், அறிக்கையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தவறிப்போகும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் படிவ எண்ணை ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஆண்டின் எஃப்.சி.-4இல் முழுத் தொகையும் இறுதி இருப்பாகக் காட்டப்படும், அதில் தவறில்லை. அடுத்த ஆண்டு எஃப்.சி.-4இல் கட்டடமும் சாதனங்களும் வெளிநாட்டுப் பங்களிப்பில் உருவான சொத்தாக வர வேண்டும். அதற்கென்று தனிச் சொத்துப் பதிவேடு ஒன்றை முதல் பில் வரும் நாளிலேயே தொடங்கிவிடுங்கள். ஜி.எஸ்.டி.க்காக உள்ளூர்க் கணக்கிலிருந்து போன தொகையை அதே பக்கத்தில் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். இந்தக் கட்டடத்தில் எவ்வளவு வெளிநாட்டுப் பணம், எவ்வளவு சங்கத்தின் பணம் என்று பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் பதில் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்.